கடலில் இரண்டு குரல்கள்: எக்கோ சவுண்டரின் வரலாறும் இரண்டாவது கருவியின் சிக்கலும்



தஞ்சாவூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நெல், பெரிய கோயில், தலையாட்டி பொம்மை. "எங்கள் மாவட்டத்தில் கடலும் இருக்கிறது" என்று வெளியூர் நண்பர்களிடம் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. 1991-இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானபோது நீண்ட கடற்கரை அந்தப் பக்கம் போய்விட்டது உண்மைதான். ஆனாலும் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று ஒரு சிறிய கரை இன்றும் நம்மிடம் இருக்கிறது. அங்கிருந்து கடலுக்குப் போகும் படகுகள் பாக் விரிகுடாவில் மீன் பிடிக்கின்றன.

இந்தக் கட்டுரை அந்தக் கடலுக்குள் எழும் ஒரு சத்தத்தைப் பற்றியது. மனிதக் காதுக்கு எட்டாத சத்தம் அது. விசைப்படகின் அடியில் பொருத்திய ஒரு கருவி, நொடிக்குப் பல முறை தண்ணீருக்குள் "டிக்" என்று ஒரு ஒலியை அனுப்பிவிட்டு, அது தரையிலும் மீனிலும் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்கிறது. எக்கோ சவுண்டர், ஃபிஷ் ஃபைண்டர், சோனார் என்று பல பெயர்கள்.

ஒரு கருவி இருக்கும் வரை தொல்லை இல்லை. இரண்டாவது ஒன்று வந்தால்? அது நம் படகிலேயே இருக்கலாம், பக்கத்துப் படகிலும் இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் எதன் எதிரொலி எது? இரண்டாவது கருவி வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் இதற்கான பதில் நூறு ஆண்டு வரலாற்றில் கிடைக்கிறது. வாருங்கள், பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

பாகம் பார்த்த காலம்

ஒலிக்கு முன்னால் கயிறுதான். கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலில் இறக்குவார்கள். குண்டு தரையைத் தொட்டதும் கயிற்றை இழுத்து, இரண்டு கைகளையும் விரித்து விரித்து அளப்பார்கள். கை விரித்த ஒரு அளவு ஒரு பாகம், ஏறத்தாழ ஆறு அடி. நம் மீனவர்கள் இன்றும் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்கிறார்கள். ஐரோப்பியக் கப்பல்களில் குண்டின் அடியில் குழி தோண்டிக் கொழுப்பை அப்பி வைத்திருப்பார்கள். அதில் ஒட்டிக்கொண்டு வருவது மணலா, சேறா, சிப்பியா என்று பார்த்துக் கடலடி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வார்கள். 1620-இல் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரிடம் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் கால் ஊன்றிய டேனிஷ்காரர்களின் கப்பல்களும் இந்த ஈயக்குண்டை நம்பித்தான் கரை சேர்ந்தன.

எங்கே நிற்கிறோம் என்று அறியக் கரையில் உள்ள உயரமான அடையாளங்களைப் பார்ப்பார்கள். நாகூர் தர்காவின் மிக உயரமான மினார் 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிம்மர். மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இரண்டாம் சரபோஜி மன்னர் 1814-இல் கட்டத் தொடங்கிய மனோரா, எட்டு அடுக்குகளோடு இன்றும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஈயக்குண்டு மெதுவான கருவி. ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. பத்துப் படகுகள் பக்கத்துப் பக்கத்தில் நின்று குண்டைப் போட்டாலும், ஒருவர் குண்டு இன்னொருவருக்குத் தப்பான ஆழத்தைச் சொல்லாது! ஒலி வந்த பிறகுதான் அந்தத் தொல்லை பிறந்தது.

பனிமலையில் தொடங்கிய கதை

1912 ஏப்ரல் 14 நள்ளிரவுக்குச் சற்று முன்னால் டைட்டானிக் பனிமலையில் மோதியது. 1500-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். இருட்டில் மிதக்கும் பனியை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்று உலகமே கேட்டது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் சில வாரங்களிலேயே எதிரொலியை வைத்துத் தடைகளைக் கண்டறியும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஜெர்மனியில் அலெக்சாண்டர் பெம் 1913-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய நோக்கமும் பனிமலைதான். ஆனால் பனியைவிடக் கடலடியே அவருக்கு நல்ல எதிரொலியைத் தந்தது.

கனடாவில் பிறந்த ரெஜினால்ட் ஃபெசண்டன் 1914 ஏப்ரலில் 'மயாமி' என்ற அமெரிக்கக் கப்பலில் ஏறி வட அட்லாண்டிக்கில் நின்றுகொண்டு, ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் இருந்த ஒரு பனிமலையின் எதிரொலியைக் கேட்டுக் காட்டினார். அடுத்து முதல் உலகப் போர் வந்தது. பனிமலையின் இடத்தைப் பகைவரின் நீர்மூழ்கி பிடித்துக்கொண்டது. பிரான்சில் பால் லாஞ்செவின் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியை உண்டாக்கி, 1918-இல் நீர்மூழ்கியின் எதிரொலியைப் பெற்றார். இன்று நம் படகடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசருக்கு அந்தக் குவார்ட்ஸ்தான் தாத்தா.

பனிமலைக்காகப் பிறந்து, நீர்மூழ்கிக்காக வளர்ந்த கருவி. மீனைப் பற்றி அதுவரை யாரும் யோசிக்கவே இல்லை.

இரைச்சல்தான் மீன்!

ஆழம் அளக்கும்போது சில நேரம் தரைக்கு மேலே கலங்கலாக ஒரு குறி விழும். கருவிக்காரர்கள் அதைக் கோளாறு என்று நினைத்தார்கள். மீனவர்களும் ஆய்வாளர்களும்தான் அது மீன் கூட்டம் என்று கண்டுகொண்டார்கள். 1929-இல் ஜப்பானில் கிமுரா என்ற ஆய்வாளர் ஒரு குளத்தில் மீன்களை விட்டு, குறுக்கே ஒலியைச் செலுத்தி, மீன் கடக்கும்போது ஒலி மாறுவதைக் காட்டினார். 1935-இல் நார்வேயின் ஆஸ்கர் சுண்ட், லோஃபோட்டன் கடலில் காட் மீன் கூட்டம் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதைக் காகிதத்தில் பதிவுசெய்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானின் நாகசாகிப் பகுதியில் ஃபுருனோ சகோதரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மீன் கூட்டம் இருக்கும் இடத்தில் குமிழிகள் எழும் என்று மீனவர்கள் சொன்னதைக் கேட்டு, குமிழியில் ஒலி நன்றாகப் பட்டுத் திரும்புமே என்று யோசித்தார்கள். போரில் மிஞ்சிய ஆழமானியைத் திருத்தி 1948-இல் மீன் தேடும் கருவியாக்கி விற்றார்கள். இன்று நம் துறைமுகங்களில் ஃபுருனோ என்ற பெயரைத் தெரியாத விசைப்படகுக்காரர் குறைவு.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒருவருக்கு இரைச்சல், இன்னொருவருக்குச் செய்தி. ஆகவே இரைச்சலை அழிக்கும் முன்னால் அது என்ன என்று பார்க்க வேண்டும். பின்னால் இது நமக்கு உதவும்.

நம் கரைக்கு வந்த விதம்

1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அமைப்பும் ஒரு ஒப்பந்தம் செய்தன. அதன்படி 1953-இல் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் இந்தோ-நார்வேத் திட்டம் தொடங்கியது. இயந்திரப் படகு, புதிய வலை, பனிக்கட்டி ஆலை என்று பலவும் வந்தன. லோஃபோட்டனில் காட் மீனைப் படம் பிடித்த அதே நாட்டின் அனுபவம் நம் தென்கடலுக்கு வந்தது. 1957-இல் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கொச்சியில் அமைந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியிலிருந்து தமிழ்நாட்டிலும் அரசு உதவியோடு விசைப்படகுகள் பெருகின.

எக்கோ சவுண்டர் முதலில் ஆய்வுக் கப்பலில் மட்டும் இருந்தது. காகிதச் சுருளில் குறி போடும் பெரிய பெட்டி அது. திரை வந்து விலையும் குறைந்த பிறகுதான் சாதாரணப் படகுக்கு இறங்கியது. இன்று நாகப்பட்டினம், காரைக்கால் துறைகளில் பெரிய விசைப்படகு என்றால் ஜி.பி.எஸ்., வி.எச்.எஃப். வயர்லெஸ், எக்கோ சவுண்டர் மூன்றும் இருப்பது வழக்கம்.

படகுகள் பெருகினால் குரல்களும் பெருகும். அங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது.

குறுக்கீடு என்பது என்ன?

கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் போகிறது. பாக் விரிகுடாவில் 12 மீட்டர் ஆழம் உள்ள இடத்தை எடுத்துக்கொள்வோம். ஒலி போய் வர 24 மீட்டர். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் 16 பங்கு. கருவி செய்வது இந்த ஒரு கணக்கைத்தான்: "நான் கத்தியது எப்போது, திரும்பக் கேட்டது எப்போது?"

இப்போது பக்கத்தில் இன்னொரு கருவி அதே அதிர்வெண்ணில் கத்துகிறது என்று வையுங்கள். நம் கருவிக்கு அது அடுத்தவர் குரல் என்று தெரியாது. தன் குரல்தான் திரும்பி வந்தது என்று நினைத்து, அந்த நேரத்துக்கு உரிய ஆழத்தில் ஒரு புள்ளி வைத்துவிடும். இரண்டு கருவிகளும் கத்தும் இடைவெளி சற்றே வேறுபடுவதால் புள்ளி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகரும். திரையில் சாய்ந்த கோடுகள் ஓடும். இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். மெல்ல ஏறி இறங்கும் ஒரு மீன் கூட்டம் போலவே அது தோன்றும்!

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் எதிரொலி போய், மீனில் பட்டு, சிதறி, மிச்சமாக வருகிறது. அடுத்தவர் குரலோ நேராக ஒரு வழிப் பயணமாக வருகிறது. ஆகவே அடுத்தவர் கருவி சிறியதாக இருந்தாலும் அதன் குரல் நம் மீனின் எதிரொலியை அமுக்கிவிடும்.

சுவையான செய்தி என்னவென்றால், இந்தத் தொல்லையால் அதிகம் அவதிப்பட்டவர்களில் பனி ஏரி மீனவர்களும் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா போன்ற இடங்களில் குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். பனியில் துளை போட்டு, தூண்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 1950களின் இறுதியில் லோரன்ஸ் குடும்பத்தார் கையில் தூக்கிச் செல்லும் பச்சைப் பெட்டிக் கருவியை விற்கத் தொடங்கினார்கள். சுழலும் விளக்கு மீன் நிற்கும் ஆழத்தில் மின்னிக் காட்டும். பிறகு பனி ஏரிக்கென்றே கருவிகள் வந்தன. நாலு நண்பர்கள் நாலடி இடைவெளியில் துளை போட்டு, நாலு பேரும் 200 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே ஒலியை அனுப்பினால் என்ன ஆகும்? விளக்குகள் எல்லாம் தாறுமாறாக மின்னும். அதனால் அந்தக் கருவிகளில் குறுக்கீட்டைத் தவிர்க்கும் பொத்தான் முக்கியமான வசதியாகிவிட்டது. பனிமலையைத் தேடப் பிறந்த கருவி மறுபடி பனிக்கே போய்ச் சேர்ந்தது :-)

குக்ரியும் பொள்ளாச்சிக்காரரும்

நம் நாட்டில் இந்தப் பாடம் ஒரு துயரத்தின் வழியாக வந்தது. 1971 டிசம்பர் 9 இரவு, டையூ கடற்பகுதியில் பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி நம் ஐ.என்.எஸ். குக்ரியை டார்ப்பிடோ வீசி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கப்பலின் தலைவர் மகேந்திர நாத் முல்லா கப்பலோடு போனார். ஹாங்கோர் குக்ரியைக் கேட்ட அளவுக்குக் குக்ரியால் ஹாங்கோரைக் கேட்க முடியவில்லை. கப்பலின் சொந்த இரைச்சலும் கடலின் இரைச்சலும் சோனாரின் காதை அடைக்கும். வேகத்தைக் குறைத்தால் கொஞ்சம் நன்றாகக் கேட்கும். ஆனால் மெதுவாகப் போகும் கப்பல் எதிரிக்கு எளிய இலக்கு.

போருக்குப் பிறகு இந்தச் சிக்கலில் இறங்கியவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். பொள்ளாச்சியில் 1944-இல் பிறந்து, ஏற்காட்டில் படித்து, பள்ளி வயதிலேயே கடற்படைப் பயிற்சிக்குப் போனவர். டெல்லி ஐ.ஐ.டி.யில் ஆய்வு செய்து, கடற்படையிடம் இருந்த பழைய பிரிட்டிஷ் சோனாரின் கேட்கும் திறனை மேம்படுத்தினார். பிறகு கொச்சியில் உள்ள கடற்படை ஆய்வகத்தில் 'அப்சோ' என்ற சோனாரை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1980களின் முற்பகுதியில் அது நம் போர்க்கப்பலில் ஏறியது.

கதை இத்துடன் முடியவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போன பால்ராஜ், 1990களின் தொடக்கத்தில் ரேடியோவுக்கு ஒரு புதிய யோசனையைச் சொன்னார். ஒரே அதிர்வெண்ணில், ஒரே நேரத்தில், பல ஆன்டெனாக்கள் வெவ்வேறு செய்திகளை அனுப்பட்டும். பெறுகிற பக்கத்திலும் பல ஆன்டெனாக்கள் இருந்தால் எது யார் குரல் என்று கணக்குப் போட்டுப் பிரித்துவிடலாம் என்றார். மைமோ என்று அழைக்கப்படும் இந்த முறைதான் இன்று நம் வைஃபையிலும் 4ஜி, 5ஜி போன்களிலும் வேலை செய்கிறது. 2010-இல் பத்ம பூஷண், 2014-இல் மார்க்கோனி பரிசு பெற்றார். பல காதுகளை அடுக்கி வைத்து, வரும் திசையைக் கொண்டு குரலைப் பிரிப்பது சோனார்க்காரர்களுக்குப் பழகிய வேலை. அந்த அனுபவம் அவருக்குக் கை கொடுத்தது.

தப்பிக்க மூன்று வழிகள்

வரலாற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தால் குறுக்கீட்டுக்கு மூன்று மருந்துகள்தான் இருக்கின்றன. மூன்றும் டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல.

முதல் வழி, நேரத்தைப் பிரிப்பது. காவிரியில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறைப்பாசனம் வைப்பார்கள். இந்த வாய்க்காலுக்குச் சில நாள், அடுத்த வாய்க்காலுக்குச் சில நாள். எல்லா மதகையும் ஒன்றாகத் திறந்தால் கடைமடைக்கு எதுவும் போய்ச் சேராது. பாக் விரிகுடாவிலும் இதே முறை உண்டு. விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. பெரிய கப்பல்களில் சோனார்களை ஒரு கம்பியால் இணைத்து, ஒன்று கத்தி முடித்த பிறகு மற்றது கத்தும்படி செய்வதும் இந்த முறைதான்.

இரண்டாவது வழி, அதிர்வெண்ணைப் பிரிப்பது. ஒருவர் கட்டைக் குரல், மற்றவர் கீச்சுக் குரல். வானொலி நிலையங்கள் இப்படித்தான் வாழ்கின்றன. இதை மனிதன் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. தென் அமெரிக்க ஆறுகளில் மெல்லிய மின்துடிப்பை அனுப்பி வழி தேடும் ஒரு மீன் இனம் உண்டு. பக்கத்தில் இன்னொரு மீன் ஏறத்தாழ அதே அதிர்வெண்ணில் வந்தால் அது தன் அதிர்வெண்ணைச் சற்று மாற்றிக்கொள்ளும். வதானபே, தகேதா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 1963-இல் இதை எழுதினார்கள். சண்டை இல்லை, சத்தம் கூட்டுவதும் இல்லை. விலகிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, கணக்கால் பிரிப்பது. பால்ராஜ் வழி இந்த வகை. மீன் தேடும் கருவியில் இதன் எளிய வடிவம் ஒன்று இருக்கிறது. கருவி அடுத்தடுத்து வரும் எதிரொலிகளை ஒப்பிடும். உண்மையான மீன் இரண்டு மூன்று முறை ஒரே ஆழத்தில் தெரியும். அடுத்தவர் குரல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மாறுவதைக் கருவி அழித்துவிடும். ஆனால் ஒரே ஒரு முறை மட்டும் தெரிந்த சின்ன மீனும் அதோடு சேர்ந்து அழிந்துவிடலாம். இரைச்சல்தான் மீன் என்று முன்னால் பார்த்தோமே, அதை மறக்கக் கூடாது.

இந்த மூன்றிலும் "சத்தத்தைக் கூட்டு" என்ற வழி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வாட் அதிகமான கருவியை வாங்கினால் நம் படகில் தீரும் தொல்லை பக்கத்துப் படகில் தொடங்கும். அவரும் வாட்டைக் கூட்டுவார். தேர்த்திருவிழாவில் இரண்டு கடைகள் ஒலிபெருக்கி வைத்துப் போட்டி போடுவது மாதிரி, கடைசியில் யாருக்கும் எதுவும் கேட்காது.

இரண்டாவது கருவி வாங்குகிறவருக்கு

இனி நேரடியாக விஷயத்துக்கு வருவோம்.

1. முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். திரையில் கோடு ஓடினால் உடனே அடுத்த சோனாரைக் குறை சொல்லக் கூடாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, மற்ற கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்ததும் கோடு மறைந்தால் குற்றவாளி ஆல்டர்னேட்டர். விளக்கை அணைத்ததும் மறைந்தால் இன்வெர்ட்டர். இவற்றுக்குப் புதிய சோனார் மருந்தாகாது. மின்கம்பியைச் சரிசெய்தால் போதும்.

2. இரண்டாவது கருவி தேவைதானா? பலருக்கு வேண்டியது இரண்டாவது திரை மட்டும்தான். சுக்கான் பக்கத்தில் ஒன்று, வலை இழுக்கும் இடத்தில் ஒன்று. ஒரே டிரான்ஸ்டியூசரின் படத்தை இரண்டு திரைகளுக்குப் பகிரும் மாதிரிகள் இருக்கின்றன. குரல் ஒன்றாக இருந்தால் குறுக்கீட்டுக்கே இடம் இல்லை.

3. தேவை என்றால், வேறு அதிர்வெண் உள்ளதை வாங்க வேண்டும். 200 கிலோஹெர்ட்ஸ் குறுகிய கற்றை. ஆழம் குறைந்த இடத்தில் தெளிவாகக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் அகன்ற கற்றை, ஆழ்கடலுக்கு இறங்கும். முதல் கருவி 200 என்றால் ஆழத்துக்குப் போகிறவர் 50-ஐயும், ஆழம் குறைந்த இடத்தில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்புகிறவர் 455 போன்ற உயர் அதிர்வெண்ணையும் பார்க்கலாம். இரண்டு கருவிகளிலும் 50-உம் 200-உம் இருந்தால், ஒன்றை 50-இல் மட்டும், மற்றதை 200-இல் மட்டும் ஓடவிட வேண்டும்.

4. 'சிர்ப்' என்று எழுதியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இது ஒரே அதிர்வெண்ணில் நிற்காமல் ஒரு எல்லையிலிருந்து இன்னொரு எல்லை வரை குரலை ஏற்றிப் பாடும் முறை. படம் அருமையாக இருக்கும். ஆனால் 150 முதல் 240 வரை பாடும் கருவி, பழைய 200 கருவியின் வாசலை மிதித்துக்கொண்டுதான் போகும். பெட்டியில் உள்ள தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

5. இரண்டையும் ஒரே அதிர்வெண்ணில்தான் ஓட்டியாக வேண்டும் என்றால், ஒன்றின் துடிப்பை மற்றதோடு இணைக்கும் வசதி உண்டா என்று கேட்க வேண்டும். பெரிய மாதிரிகளில் இது இருக்கும்.

6. பொருத்தும் இடம் பாதி வேலை. இரண்டு டிரான்ஸ்டியூசர்களும் முடிந்த அளவு விலகி இருக்க வேண்டும், புரொபெல்லரின் குமிழி படக் கூடாது. மரப் படகில் மரத்தின் ஊடாக ஒலி சரியாகப் போகாது. அடியில் துளையிட்டுத் தண்ணீரைத் தொடும்படி வைக்க வேண்டும். கெட்டியான ஃபைபர் என்றால் உட்புறத்திலேயே காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டலாம். ஒவ்வொரு கருவிக்கும் பேட்டரியிலிருந்து தனிக் கம்பி, தனி ஃபியூஸ் வேண்டும். சோனார் கம்பியை வயர்லெஸ் கம்பியோடு சேர்த்துக் கட்டக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் தடைக்காலத்தில் படகு பழுதுபார்க்கக் கரையேறும்போது இதைச் செய்வது எளிது. (2001-இல் 45 நாளாகத் தொடங்கிய இந்தத் தடை 2017-இல்தான் 61 நாளானது.)

7. குறுக்கீடு நீக்கும் பொத்தானைக் கடைசியில் தொட வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி, கோடு மறையும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் கோட்டோடு மீனும் மறையும்.

கருவியைத் தாண்டி

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டால் திரை தெளிவாகிவிடும். ஆனால் தெளிவான திரை மீனை உண்டாக்காது. இருக்கும் மீனைக் காட்டும், அவ்வளவுதான். பாக் விரிகுடா சிறிய, ஆழம் குறைந்த கடல். 1974-இல் போடப்பட்ட ஒப்பந்தம் அதன் நடுவே எல்லைக்கோடு போட்டுவிட்டது. இந்தப் பக்கம் படகுகள் பெருகிவிட்டன. அந்தப் பக்கத்துத் தமிழ் மீனவர்கள் போர் முடிந்து கடலுக்குத் திரும்பியபோது அவர்களுடைய வலைகளை நம் இழுவைப் படகுகள் அறுக்கின்றன என்று குறை சொல்கிறார்கள். இலங்கை 2017-இல் இழுவை மடி முறையையே தடை செய்தது. நம் மீனவர்கள் கைதாகும் செய்தி மாதந்தோறும் வருகிறது. ஒரே இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் குரல் கொடுக்கிறார்கள். ஒருவர் குரல் இன்னொருவரை அமுக்குகிறது. இதுவும் குறுக்கீடுதானே?

இங்கேயும் "வேறு அதிர்வெண்ணுக்குப் போ" என்ற மருந்தைத்தான் முயன்றார்கள். பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளைக் கைவிட்டு, சூரை பிடிக்கும் ஆழ்கடல் தூண்டில் படகுகளுக்கு மாறும் திட்டம் 2017-இல் தொடங்கியது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் மதிப்பு; அதில் 50 விழுக்காடு மத்திய அரசும் 20 விழுக்காடு மாநில அரசும் தரும் என்றார்கள். மீதியில் கடனும் சொந்தப் பணமும் போட வேண்டும். பழகிய கடலையும் பழகிய தொழிலையும் விட்டுவிட்டுப் போவது பொத்தானைத் திருப்புவது போல எளிதல்ல. காலையில் போய் மறுநாள் திரும்புகிறவர் வாரக்கணக்கில் கடலில் இருக்கப் பழக வேண்டும். ஆகவே மாறத் தயங்குகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாறியவர்களுக்கு ஆழத்தைக் காட்ட 50 கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த குரல் தேவைப்படும். அதாவது அவர்களுக்கு இரண்டாவது கருவி ஆடம்பரம் அல்ல.

ரிச்சர்ட்சன் முதல் பால்ராஜ் வரை இந்த நூறு ஆண்டு வரலாற்றைப் படித்து முடித்தபோது என் மனதில் நின்றது ஒன்றுதான். நல்ல இரண்டாவது கருவி என்பது முதல் கருவியைவிடச் சத்தமானது அல்ல, அதிலிருந்து வேறுபட்டது. கடைமடை வரை தண்ணீர் போக வேண்டும் என்று முறை வைத்த ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலிலும் அந்த முறையைக் கொண்டுவர முடிந்தால் இரண்டு கரைக்கும் நல்லது.

படகு வைத்திருப்பவர்கள், மின்னணுவியல் படிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்!